ஒயர் ஆன்டெனாவின் மறுபாதி எங்கே? வெளியில் போய் ரேடியோ இயக்குபவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்துவிட்டது. தோள்பையில் அடங்கும் சின்ன ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒன்றும் வாங்கியாகிவிட்டது. அப்புறம் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: மலைக்கோ கடற்கரைக்கோ ஊர்த் தோப்புக்கோ எடுத்துப்போக எந்த ஆன்டெனா நல்லது? ஆயத்தமாக விற்பவை நிறைய இருக்கின்றன, விலையும் கூடுதல். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற எச்.எஃப். பேண்டுகளில் (சிற்றலை அதிர்வெண் பட்டைகளில்), எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய சாதாரண ஒயர் இருபது மீட்டரும் ஒரு மரக்கிளையும் சேர்ந்து செய்கிற வேலையை ஒன்றரை மீட்டர் உயரக் குட்டை ஆன்டெனா செய்துவிடாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 40 மீட்டர் சொச்சம். அதற்கேற்ற நீளத்தை மலிவாகவும் லேசாகவும் தருவது ஒயர்தான்.

எந்த ஒயர் ஆன்டெனா என்று தேட ஆரம்பித்தால் பெயர்கள் வரிசைகட்டி வந்து குழப்பும். டைபோல், இன்வெர்ட்டட் வீ, எண்ட் ஃபெட், வெர்ட்டிகல், ரேண்டம் ஒயர், லிங்க்டு டைபோல். ஒவ்வொருவரும் தான் கட்டியதே சிறந்தது என்பார். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு ஆன்டெனாவைப் பார்த்தும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதன் மறுபாதி எங்கே இருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், அந்த ஆன்டெனா எந்த இடத்துக்குப் பொருந்தும், எங்கே தொல்லை கொடுக்கும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மறுபாதி என்றால் என்ன

ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்குள் இரண்டு கடத்திகள் உண்டு. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. நடுக்கம்பியில் ஒரு திசையில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறதோ, வலையின் உட்பக்கத்தில் அதே அளவு எதிர்த்திசையில் ஓடியே தீரும். கேபிள் முடிகிற இடத்தில் நடுக்கம்பியை ஒரு ஒயரோடு இணைத்துவிட்டு வலையை அப்படியே விட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் தானே ஒரு மறுபாதியைத் தேடிக்கொள்ளும். வலையின் வெளிப்பக்கம், ரிக்கின் உலோகப் பெட்டி, பேட்டரி ஒயர், மைக்கைப் பிடித்திருக்கும் உங்கள் கை என்று எதையும் அது விட்டுவைக்காது. பேசும்போது மைக் உதட்டில் சுருக்கென்று கடிப்பதும், மோர்ஸ் கீயை அழுத்தினால் ரிக் தானாக அணைவதும் இதனால்தான்.

ஆக, ஒற்றை ஒயரில் மட்டும் வேலைசெய்யும் ஆன்டெனா என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவற்றிலும் மறுபாதி எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அரை அலைநீள ஒயரில் மின்னோட்டம் எப்படிப் பரவியிருக்கும் என்பதற்கு மீட்டிய வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளலாம். தந்தியின் இரு முனைகளும் அசையாது. நடுவில்தான் அசைவு அதிகம். ஒயரிலும் அப்படியே, முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய சுழி, நடுவில் உச்சம். மின்னழுத்தம் இதற்கு நேர்மாறு, முனைகளில் உச்சம். எனவே ஒயரின் நடுவில் கேபிளை இணைத்தால் அந்த இடம் காட்டும் எதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ், குறைவாக இருக்கும். விண்வெளியில் தனியாகத் தொங்கும் டைபோலுக்கு அது 73 ஓம். நாம் கட்டுகிற உயரத்திலும் வடிவத்திலும் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோஆக்ஸும் ரிக்கும் எதிர்பார்ப்பது அதே 50 ஓம்தான். முனையில் இணைத்தால் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் என்று எகிறும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் ஒயர் ஆன்டெனாக்களின் பாதிக் கதை பிறக்கிறது.

டைபோல்: இரண்டு பாதியும் கண்ணெதிரே

முதல் ஆன்டெனாவாக எதைக் கட்டுவது என்று கேட்டால் யோசிக்காமல் டைபோல் என்பேன். கேபிளின் நடுக்கம்பி ஒரு பக்க ஒயருக்கு, வலை மறுபக்க ஒயருக்கு. மறுபாதியைத் தேட வேண்டிய வேலையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இம்பீடன்ஸைப் பொருத்திக் கொடுக்கும் டியூனர் வேண்டாம். கோளாறு வந்தால் காரணம் எளிதில் அகப்படும்.

நீளக் கணக்கு சுலபம். 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 7.1 என்று வைத்தால் 20.14 மீட்டர், பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம். 20 மீட்டர் பேண்டில் 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு 10.07 மீட்டர், பக்கத்துக்கு ஐந்து மீட்டர் சொச்சம். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் இதைவிட இரண்டு மூன்று சதவீதம் குட்டையாக இருந்தாலே போதும். ஆனாலும் வெட்டும்போது கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள். குறைப்பது எளிது, ஒட்டுப்போடுவது தொல்லை.

டைபோலை நேராகக் கட்ட இரண்டு உயரமான தாங்கல் வேண்டும். வெளியில் போனால் அது வாய்ப்பது அரிது. நடுவை மட்டும் ஒரு மரத்திலோ கழியிலோ உயர்த்தி, இரு பக்கங்களையும் சரிவாக இறக்கிக் கட்டினால் அதுதான் இன்வெர்ட்டட் வீ. 40 மீட்டர் பேண்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்போம். நடுப்பகுதி 8 மீட்டர் உயரத்தில், முனைகள் ஆள் கைக்கு எட்டாதபடி 2 மீட்டருக்குச் சற்று மேலே. உயர வித்தியாசம் 6 மீட்டர், ஒயர் 10 மீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த 6, 8, 10 செங்கோண முக்கோணம் அப்படியே வருகிறது: மரத்தடியிலிருந்து பக்கத்துக்கு 8 மீட்டர். முனைகளைக் கட்டும் கயிறுக்கு இன்னும் இரண்டு மூன்று மீட்டர் சேர்த்தால், இருபத்திரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு நிலமும் நடுவில் ஒரு மரமும் போதும். இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள கோணம் இங்கே ஏறக்குறைய 106 பாகை. அது 90 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப ஒடுக்கினால் ஒரு பக்கம் அனுப்புவதை மறுபக்கம் ஓரளவு அழித்துவிடும்.

சரி, கட்டியாகிவிட்டது. இப்போது அளக்க வேண்டும். கையடக்கமான நானோ வி.என்.ஏ. கருவி இன்று பலரிடம் இருக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி. திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு (ஆன்டெனா ஏற்காமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது) ஒரு பள்ளம்போல இறங்கி ஏறும். பள்ளத்தின் அடி எந்த அதிர்வெண்ணில் இருக்கிறதோ அங்கேதான் ஆன்டெனா ஒத்திசைகிறது. மொத்தம் 20.6 மீட்டர் வெட்டினீர்கள், பள்ளம் 6.88 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 7.1. இருக்கும் நீளத்தை 6.88-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.96 மீட்டர் வருகிறது. 64 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது, அதாவது பக்கத்துக்கு 32. வெட்டாதீர்கள். அந்த 32 சென்டிமீட்டரை முனையிலிருந்து பின்னால் மடக்கி, ஒயரோடு ஒட்டி முறுக்கிவிட்டு மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். மடக்கியது ஏறக்குறைய வெட்டியதற்குச் சமம். இன்னொரு நாள் ஈரமண்ணிலோ தாழ்வாகவோ கட்டினால் பள்ளம் கொஞ்சம் நகரும். அப்போது மடிப்பைக் கூட்டியோ விரித்தோ சரிசெய்துகொள்ளலாம்.

உயரமும் தூரமும்

எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்பதற்கு 'முடிந்த அளவு உயரத்தில்' என்று எல்லோரும் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

அலைநீளத்தில் கால் பங்கைவிடத் தாழ்வாகக் கட்டிய டைபோல் அலையில் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழைபோல இறங்கும். 40 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை என்பது 10 மீட்டர். ஆகவே மரத்தில் 6, 8 மீட்டரில் தொங்கும் நம் இன்வெர்ட்டட் வீ பகல் நேரத்தில் பக்கத்து மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் அருமையாக வேலைசெய்யும். சென்னையிலிருந்து மதுரை வான்வழியில் 400 கிலோமீட்டர் சொச்சம். இந்தத் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆன்டெனா எனக்குத் தெரிந்து இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது என்பதும் நமக்குச் சாதகம். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகல் நேர அயனி மண்டலம் அடர்த்தியாக இருப்பதால், நேர் மேலே போகிற 7 மெகாஹெர்ட்ஸ் அலைகூடப் பெரும்பாலான நாள்களில் துளைத்து வெளியேறாமல் திரும்பி வருகிறது. வடக்கே குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கு இது எப்போதும் வாய்ப்பதில்லை.

ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிப் பேச நினைத்தால் கணக்கு மாறும். அலை தாழ்ந்த கோணத்தில் போக வேண்டும். அதற்கு டைபோல் அரை அலைநீள உயரத்திலாவது இருக்க வேண்டும். 40 மீட்டர் பேண்டில் அது 20 மீட்டர் உயரம், தோள்பையோடு போகிறவருக்கு நடக்காத காரியம். 20 மீட்டர் பேண்டில் 10 மீட்டர் உயரம் போதும், நல்ல மரம் ஒன்று அதைத் தரும். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் அந்தமான் அழைப்புக்குறியோடு இயங்கிக்கொண்டிருந்த அமெச்சூர் ரேடியோக்காரர் பாரதி பிரசாதும் குழுவினரும், சுனாமி தாக்கியபின் தீவிலிருந்து இந்திய நிலப்பரப்புக்குச் செய்திகளைக் கடத்தினார்கள். போர்ட் பிளேர் சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர். தலைக்கு மேலே அனுப்பித் திரும்பப் பெறும் தாழ்வான 40 மீட்டர் டைபோலின் எல்லைக்கு வெளியே இருக்கும் தூரம் இது. 20 மீட்டர் பேண்டுக்கு இப்படிப்பட்ட தூரங்கள் பகலில் இயல்பானவை. ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். பேண்டையும் உயரத்தையும் அந்த வட்டம்தான் முடிவுசெய்யும்.

இரண்டு பேண்டும் வேண்டும் என்பவர்களுக்கு லிங்க்டு டைபோல் இருக்கிறது. 40 மீட்டர் டைபோலின் ஒவ்வொரு பக்கத்திலும், நடுவிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி ஒயரைத் துண்டித்து, இடையில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை இழுவை தாங்கக் கட்டி, ஒயர் முனைகளில் முதலைக் கிளிப்போ அமுக்கிச் செருகும் கனெக்டரோ போட்டுவிடுவது. இணைத்தால் 40, பிரித்தால் 20. பேண்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் ஆன்டெனாவை இறக்கி ஏற்ற வேண்டும் என்பதுதான் குறை. மலையுச்சிகளில் இயக்குவோர் பலர் அந்த அலுப்பைப் பொறுத்துக்கொண்டு இதையே விரும்புகிறார்கள். எனக்கும் மிகப் பிடித்தது இதுதான். எந்த இடத்திலும் சக்தி வீணாகாது, என்ன நடக்கிறது என்பது முழுதும் தெரியும்.

எண்ட் ஃபெட்: மறுபாதி கேபிளில் ஒளிந்திருக்கிறது

ஒரே ஒரு மரம்தான் இருக்கிறது, நீங்கள் அதற்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். டைபோலின் நடுவை உயர்த்தினால் கேபிளின் எடை முழுவதும் அங்கே தொங்கும், கேபிளும் நீளமாக வேண்டும். ஒயரின் ஒரு முனையை மரத்தில் ஏற்றிவிட்டு, மறுமுனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே இணைத்தால் எவ்வளவு சுகம்! எண்ட் ஃபெட் ஹாஃப் வேவ் (முனையில் ஊட்டும் அரை அலை ஒயர்) இவ்வளவு பரவியதற்கு அந்தச் சுகமே காரணம். யோசனை பழையது. ஜெப்பலின் ஆகாயக்கப்பல்கள் வானில் போகும்போது பின்னால் ஒரு நீண்ட ஒயரைத் தொங்கவிட்டு அதன் முனையில்தான் மின்சாரம் ஊட்டினார்கள்.

முனையில் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம் என்று பார்த்தோம். அதை 50 ஓமுக்கு இறக்க 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 43 ரக ஃபெரைட் (ஒரு காந்தப் பொருள்) வளையத்தில் முதன்மைச் சுற்று இரண்டு, இரண்டாம் சுற்று பதினான்கு. சுற்றுகளின் விகிதம் 1:7, இம்பீடன்ஸ் அதன் வர்க்கமாக மாறுவதால் 49. கேபிள் பக்கத்தில் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் குறுக்கே போட்டால் உயர் பேண்டுகளில் நன்றாகப் பொருந்தும். 20 மீட்டர் ஒயரோடு இதைக் கட்டினால் 40, 20, 15, 10 மீட்டர் என நான்கு பேண்டுகளில் டியூனர் இல்லாமல் ஏறக்குறைய பொருந்திவிடும். அரை அலை, முழு அலை, ஒன்றரை அலை, இரண்டு அலை என்று எல்லாவற்றிலும் முனையில் மின்னழுத்தம் உச்சமாகவே இருப்பதால் அது வாய்க்கிறது. இறக்கி ஏற்றாமலே பேண்ட் மாற்றலாம்.

மறுபாதி எங்கே? முனையில் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆகவே மறுபாதிக்குத் தேவைப்படுவதும் குறைவு. ஆனால் சுழி அல்ல. அந்தக் கொஞ்ச மின்னோட்டம் கேபிள் வலையின் வெளிப்பக்கத்தில் ஓடும். 40 மீட்டர் பேண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரின் தரைமுனையில் இரண்டு மீட்டர் ஒயர் ஒன்றைக் கட்டித் தரையில் போட்டுவிடுங்கள், அல்லது கேபிளின் முதல் சில மீட்டரையே அந்த வேலைக்கு விட்டுவிடுங்கள். ரிக்குக்கு அருகில் ஒரு சோக் வையுங்கள். சோக் என்றால் ஃபெரைட் வளையத்துக்குள் அதே மெல்லிய கேபிளைப் பத்துப் பன்னிரண்டு தடவை நுழைத்துச் சுற்றியது, அவ்வளவுதான். வலையின் வெளிப்பக்கத்தில் வரும் மின்னோட்டம் ரிக்கை எட்டாமல் அது தடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபார்மர் சக்தியில் ஒரு பகுதியைச் சூடாக்கித் தின்னும். ஐந்து, பத்து வாட்டுக்குச் சின்ன வளையம் போதும். சக்தியைக் கூட்டினாலோ எஃப்.டி.8 (கணினிவழிச் செய்தி முறை) போல விடாமல் அனுப்பும் முறையில் இயக்கினாலோ பெரிய வளையம் வேண்டும். இன்னொன்று முனையில் இருக்கும் மின்னழுத்தம். 50 வாட்டில் 2,450 ஓம் இடத்தில் 350 வோல்ட் நிற்கும். தொட்டால் தோலைச் சுடும். ஒயரின் இரண்டு முனைகளையும் குழந்தைகள், மாடுகள் தொடாத இடத்தில் வைக்க வேண்டும். டைபோலின் முனைகளுக்கும் இது பொருந்தும்.

வெர்ட்டிகல்: மறுபாதி தரையில்

மரமே இல்லாத இடம், மொட்டைப் பாறை, கடற்கரை மணல். அங்கே நீளும் தூண்டில் கழி ஒன்றை நட்டு அதில் கால் அலை ஒயரை நேராக ஓட்டுங்கள். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்து மீட்டர். மறுபாதி, அடியிலிருந்து தரையில் நாலாபுறமும் விரிக்கும் ரேடியல் ஒயர்கள். தரையில் கிடந்தால் அவற்றின் நீளம் துல்லியமாக இருக்கத் தேவையில்லை. எண்ணிக்கைதான் முக்கியம். நாலு ஒயரில் ஆரம்பித்து, எட்டு, பதினாறு என்று கூட்டக் கூட்டத் தரையில் வீணாகும் சக்தி குறையும். கழி கண்ணாடியிழையாக இருக்கட்டும். கார்பன் இழைக் கழி மின்சாரத்தைக் கடத்தும், ஒயரின் வேலையைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கும்போது கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெர்ட்டிகல் அலையைத் தாழ்ந்த கோணத்தில் அனுப்பும். பக்கத்து ஊருக்கு மோசம், வெளிநாட்டுக்கு நல்லது. அதிலும் உப்புநீர் பக்கத்தில் இருந்தால் அதன் குணமே வேறு. கடல்நீர் நன்றாகக் கடத்துவதால், அடிவானத்தை ஒட்டிப் போகும் அலை வறண்ட மண்ணில் இழப்பதுபோல இங்கே இழப்பதில்லை. ஐந்து வாட்டில் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள், மலையுச்சிக்குப் போகுமுன் மாலையில் அலைநுனிக்குப் பக்கத்தில் ஒரு வெர்ட்டிகலை நட்டுப் பார்க்க வேண்டும்.

ரேண்டம் ஒயர்

எந்தப் பேண்டிலும் அரை அலையின் மடங்காக வராத ஒரு நீளத்தைத் தேர்ந்தெடுத்து, 9:1 டிரான்ஸ்ஃபார்மரும் டியூனரும் வைத்து எல்லாப் பேண்டிலும் இயக்குவது இது. 12.5 மீட்டர் போன்ற நீளங்கள் புழக்கத்தில் உள்ளன. வசதிதான். ஆனால் இங்கே மறுபாதிக்குக் கணிசமான மின்னோட்டம் வேண்டும். ஏழெட்டு மீட்டரில் தரை ஒயர் ஒன்றாவது கட்டாயம். அதைப் போடாமல் கேபிளை மட்டும் நம்பினால் ரிக்கும் நீங்களும்தான் மறுபாதி. தொடக்கத்தில் இதைத் தவிர்க்கச் சொல்வேன். டியூனர் எல்லாவற்றையும் பொருத்திக் காட்டிவிடுவதால், எது சரியாக இருக்கிறது, எது வீணாகிறது என்று கற்றுக்கொள்ள வழியில்லாமல் போகும்.

எஸ்.டபிள்யூ.ஆர். பற்றிய பயம்

புதியவர்கள் 1:1 வரும்வரை நாள் முழுக்க ஒயரை நறுக்கிக்கொண்டிருப்பார்கள். 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். மறுமுனையில் கேட்பவரின் ரேடியோவில் சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி நகரவே சக்தியை நான்கு மடங்கு கூட்ட வேண்டும். இந்த 11 சதவீதம் அவர் காதுக்குத் தெரியவே தெரியாது. 2-க்குக் கீழே வந்தால் விட்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடு 1:1 காட்டும், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் யாருக்கும் கேட்காது. எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா நல்லது ஆகிவிடாது.

எல்லை மீறினால் அது வேறு கதை. 40 மீட்டர் டைபோலை 20 மீட்டர் பேண்டில் இயக்கினால் நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். ரிக்கின் டியூனர் அதைச் சமாளித்துக் காட்டலாம். ஆனால் டியூனருக்கும் ஒயருக்கும் இடையில் இருக்கும் கேபிளில் அலை முன்னும் பின்னும் ஓடிச் சூடாகவே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கேபிளைப் பொறுத்தவரை மெல்லிய ஆர்.ஜி. 174 தூக்க லேசு. 10 மீட்டர் நீளத்தில், 14 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய கால்வாசிச் சக்தியைத் தின்றுவிடும். ஆர்.ஜி. 58 அதில் பாதிக்கும் குறைவாகத் தின்னும், ஆனால் கனம். மலையேறுவதென்றால் முதலாவது, காரில் போவதென்றால் இரண்டாவது.

ஒயருக்கு அலைய வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும் அரை அல்லது முக்கால் சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர் போதும். ஒற்றைத் தடிக்கம்பி வேண்டாம், மடிந்து மடிந்து முறிந்துவிடும். முனைகளில் இன்சுலேட்டராகப் பிவிசி பைப் துண்டில் இரண்டு துளை போட்டால் வேலை முடிந்தது.

ஏற்றுவதும் இறக்குவதும்

பனையும் தென்னையும் இதற்கு உதவாது, கிளை வேண்டும். வேம்பு, புளி, தூங்குமூஞ்சி மூன்றும் நல்லவை. மெல்லிய வழுவழுப்பான நைலான் நூலின் நுனியில் மணல் நிரப்பிய சிறு துணிப்பையைக் கட்டி வீசுங்கள். கல்லைக் கட்டாதீர்கள், நழுவி யார் தலையிலாவது விழும். பை கிளையைத் தாண்டித் தரைக்கு இறங்கியதும் நூலின் மறுமுனையில் கயிறைக் கட்டி இழுத்துக்கொண்டு, அந்தக் கயிறில் ஆன்டெனாவை ஏற்றுங்கள். காற்றில் கிளை ஆடும். ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

நூலை வீசுவதற்கு முன் நின்று மேலே பாருங்கள். மரத்துக்கு அருகில், உங்கள் ஒயரின் முழு நீளம் எட்டும் தூரத்துக்குள் ஈபி கம்பி போகிறதென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். 'அதற்கு மேலே படாமல் போட்டுவிடலாம்' என்ற நினைப்பே வேண்டாம். ஒயர் அறுந்தால் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. ஆன்டெனா கட்டும்போது இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. இடி ஓசை தூரத்தில் கேட்டாலே கேபிளைக் கழற்றி இறங்கிவிட வேண்டும், கோடை மழைக் காலத்து மாலைகளில் மலைமேல் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மக்கள் நடமாடும் இடத்தில் சரிவுக் கயிறுகளில் பளிச்சென்ற துணித்துண்டு கட்டுங்கள். வனத்துறை நிலம் என்றால் அனுமதி வாங்குங்கள். உரிமத்தில் குறித்த முகவரியை விட்டு வெளியே இயக்குவது பற்றி உங்கள் உரிமம் என்ன சொல்கிறது என்பதையும் முன்பே படித்து வைத்திருங்கள்.

ஆன்டெனா உண்மையில் எங்கே கேட்கிறது என்று அறிய இன்று நல்ல வழிகள் உண்டு. மோர்ஸில் இரண்டு மூன்று தடவை சி.க்யூ. (யார் கேட்டாலும் பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்துவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் தளத்தைப் பார்த்தால், எந்தெந்த ஊர் நிலையங்கள் எத்தனை டெசிபெலில் உங்களைக் கேட்டன என்று வந்துவிடும். எஃப்.டி.8 இயக்குகிறவர்களுக்கு இதேபோன்ற பி.எஸ்.கே. ரிப்போர்ட்டர் தளம் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே பேண்டில், சில நிமிட இடைவெளியில் டைபோலையும் வெர்ட்டிகலையும் மாற்றி மாற்றி அழைத்துப் பாருங்கள். அருகிலுள்ள நிலையங்களும் தொலைவிலுள்ளவையும் எப்படி இடம் மாறுகின்றன என்பது வரைபடத்திலேயே தெரியும். ஒன்றைப் பற்றிப் பத்துப் பேர் சொல்லும் கருத்தைவிட இது பயன் தரும்.

திரும்பும்போது ஒயரைக் கையில் வட்டமாகச் சுருட்டாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, அடுத்த முறை பிரிக்கும்போது சிக்கலாகிவிடும். அட்டையிலோ பிளாஸ்டிக் துண்டிலோ எட்டு வடிவில், கேபிள் இணையும் இடத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றினால், மறுமுறை தூர முனை முதலில் வெளியே வரும். அதைக் கயிறில் கட்டி இழுக்க இழுக்க ஒயர் தானாகப் பிரிந்து ஏறும்.